நாற்பத்தொன்றாம் கேபின்

இல்கா நேனிக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது, நேரம்தான் நிற்கும். எட்டு நாற்பதுக்கு வந்தவள், ஒன்பது பத்துக்கு வந்த அக்கா தங்கை, ஒன்பதே காலுக்கு வந்த இருமல்காரி என்றுதான் பேசுவாள். புடாபெஸ்டில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் வெந்நீர்க் குளியலகத்தில், பெண்கள் பகுதியின் கேபின்கள் அவள் பொறுப்பு. மொத்தம் அறுபத்து நான்கு. குளிக்க வருகிறவள் உடுப்பைக் கழற்றி உள்ளே வைத்ததும், கதவின் உட்புறம் இருக்கும் சின்னக் கரும்பலகையில் இல்கா நேனி வந்த நேரத்தைச் சாக்பீஸால் எழுதுவாள். தன் சாவியால் பூட்டுவாள். ஒரு தகரத் தகட்டை அந்த மனுஷியின் மணிக்கட்டில் கட்டி அனுப்புவாள். டிக்கெட் மூன்று மணி நேரத்துக்கு. அதற்குள் அவள் ஈரக் காலோடு திரும்பி வந்து கேபின் முன்னால் நிற்க வேண்டும். வராவிட்டால் இல்கா நேனிக்கு இருப்புக்கொள்ளாது.

நான் ஜோகா. பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து வெள்ளை விரிப்பு கொடுக்கிறவள். என்னைவிட எட்டு வயது மூத்தவள் என்பதால் அவள் எனக்கு நேனி, அக்கா மாதிரி. மேலாளர் சான்டோவும் அவளை நேனி என்றுதான் கூப்பிடுவார், மெமோ கொடுக்கும்போதுகூட.

மெமோ இரண்டு வாங்கியிருந்தாள். தொட்டி ஓரத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த ஒரு சுவிஸ்காரியின் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பியதற்கு முதலாவது. அந்த அம்மாள் பயந்து அலறி, ஊருக்குப் போய் நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதினாள். கல்யாணத்துக்கு முன்னால் கும்மாளம் போட வந்த இங்கிலாந்துப் பெண்கள் ஏழு பேரை, இருபது நிமிஷம் ஆகிவிட்டது என்று சூடான தொட்டியிலிருந்து விரட்டியதற்கு இரண்டாவது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். பென்ஷனுக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது.

அவள் ஏன் தூங்குகிறவர்களை எழுப்பிக்கொண்டே இருந்தாள் என்று சான்டோவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் புருஷன் வில்மோஷ் ஆற்றோரம் போகும் டிராமை ஓட்டியவன். வாயாடி, நல்லவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இறைச்சி சூப்பு குடித்துவிட்டு, உள்ளறை நாற்காலியில் போய்ச் சாய்ந்தான். வாரம் முழுக்க விடியற்காலை வண்டி ஓட்டியவன், தூங்கட்டும் என்று இல்கா நேனி கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். மாடி வீட்டுக்காரியிடம் போய் நாற்காலியை இழுக்காதே என்று சொல்லிவிட்டு வந்தாள். பிறகு ஒரு கூடைத் துணியை இஸ்திரி போட்டு முடித்தாள். இரண்டரை மணி நேரம் கழித்துக் காபியோடு போய்க் கதவைத் திறந்தபோது அவன் உடம்பு சில்லிட்டிருந்தது. முதல் அரை மணியில் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். அந்த டாக்டர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அது நடந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. நான் சொல்ல வந்தது ஒரு நவம்பர் மாத வெள்ளிக்கிழமையைப் பற்றி.

சுற்றுலாக்காரர்கள் மேல் எனக்கு அப்படியொன்றும் பிரியம் கிடையாது. விரிப்பை வாங்கித் தலைப்பாகை கட்டுவார்கள், தரையில் போட்டு மிதிப்பார்கள், படம் எடுப்பார்கள். ஆனால் அன்று எட்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் தனியாக வந்த அந்த அம்மாளை எனக்குப் பிடித்துவிட்டது. அறுபத்தைந்து வயதிருக்கும். சாம்பல் நிற ஓவர்கோட்டு, கட்டையான உருவம், எதைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு. விரிப்பைக் காட்டி இது எதற்கு என்று சைகையால் கேட்டாள். உட்கார, துடைக்க, மறைக்க என்று நானும் சைகையிலேயே நடித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இல்கா நேனி அவளை நாற்பத்தொன்றாம் கேபினுக்குக் கூட்டிப் போனாள். எட்டு நாற்பது என்று எழுதினாள்.

பதினொன்று நாற்பதுக்கு அவள் வரவில்லை. அதில் ஒன்றும் அதிசயமில்லை, பத்து நிமிஷம் பிந்துகிறவர்கள் தினமும் உண்டு. மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. இல்கா நேனி என் ஜன்னலுக்கு வந்து, எட்டு நாற்பது இன்னும் வரவில்லை என்றாள். ஒலிபெருக்கியில் கேபின் எண்ணை மூன்று பாஷையில் சொல்லச் சொன்னோம். யாரும் வரவில்லை. அவள் உள்ளே ஒரு சுற்றுப் போனாள்.

உள்ளே பெரிய வெந்நீர்த் தொட்டி ஒன்று, சின்னவை மூன்று, குளிர்நீர்த் தொட்டி ஒன்று, இரண்டு நீராவி அறைகள். கோடியில் தடித்த மரக்கதவு போட்ட சின்ன வெக்கை அறை. அதில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உடம்பெல்லாம் தேனும் உப்பும் பூசிக்கொண்டு உட்காருவார்கள். உட்காரும்முன் தங்கள் விரிப்பை வெளிக் கைப்பிடியில் மாட்டிவிடுவார்கள். விரிப்பு தொங்கினால் யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர் உள்ளே போய்த் தேன் இறுகிவிடும், பூசியதெல்லாம் வீண். எந்தப் பலகையிலும் எழுதியிராத சட்டம் இது. ஆனால் வாடிக்கைக்காரிகள் டிக்கெட்டு விதியை மீறினாலும் மீறுவார்களே தவிர இதை மீற மாட்டார்கள்.

பத்து நிமிஷத்தில் இல்கா நேனி திரும்பி வந்தாள். குளிர்நீர்த் தொட்டிப் பக்கம் பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது அந்த அம்மாளைப் பார்த்ததாக அராங்கா சொன்னாளாம். அராங்கா எங்கள் வாடிக்கைக்காரிகளுக்கெல்லாம் தலைவி, எண்பது வயது, வாய் மட்டும் இருபது. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து சான்டோ புது டையோடு மாடிப்படியில் இறங்கி வந்தார். அன்று வெளிநாட்டுப் பயண நிறுவனத்திலிருந்து ஐந்து பெண்கள் பார்வையிட வருகிறார்கள், வருஷத்துக்கு இத்தனை ஆயிரம் பேரை அனுப்பப் போகிறார்கள் என்று ஒரு வாரமாகவே ஆர்ப்பாட்டம். பெண்கள் குளிக்கும் நேரத்தில் அவர் என் ஜன்னலைத் தாண்டி உள்ளே வர முடியாது. அங்கேயே நின்றுகொண்டார். இல்கா நேனி, எல்லோரையும் தொட்டியிலிருந்து ஏற்றிவிட்டுத் தலை எண்ண வேண்டும் என்றாள்.

"நேனி, தயவு பண்ணுங்க. இன்னும் கால் மணில அவங்க வந்துடுவாங்க. தகட்டை ஞாபகத்துக்குன்னு எடுத்துக்கிட்டுப் போறவங்க எத்தனை பேருன்னு உங்களுக்கே தெரியும்."

"தகட்டை எடுத்துக்கிட்டுப் போவாங்க சார். நவம்பர் மாசத்துல துணியை விட்டுட்டுப் போவாங்களா?"

"துணி உள்ள இருக்குன்னு எப்படித் தெரியும்? நீங்க காபி குடிக்கப் போனப்ப உங்க உதவிக்கு வந்த பொண்ணு திறந்து விட்டிருக்கலாமில்ல?"

அந்தப் பெண்ணைக் கேட்டோம். திறந்தேனா இல்லையா என்று ஞாபகமில்லை என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆள் இல்லாதபோது கேபினைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. திறந்த மறுநாளே வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இல்கா நேனி சாவிக்கொத்தை எடுத்தாள்.

"திறந்தா மூணாவது மெமோ. நான் எழுதியே ஆகணும் நேனி," என்றார் சான்டோ. குரலில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான்.

"எழுதிக்குங்க," என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

ஜன்னலைச் சாத்திவிட்டு நானும் பின்னால் ஓடினேன். நாற்பத்தொன்று. கரும்பலகையில் எட்டு நாற்பது அழியாமல் இருந்தது. ஓவர்கோட்டு கொக்கியில் தொங்கியது. பூட்சுக்குள் காலுறையைச் சுருட்டி வைத்திருந்தாள். பெஞ்சில் ஒரு சின்னப் பெட்டி, அதில் காதுக்கு வைக்கும் கருவி இரண்டு. நாங்கள் மூன்று பாஷையில் கத்தியது அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? பக்கத்தில் ஊர் வரைபடம் விரித்தபடி கிடந்தது. சிவப்பு மையில் வட்டம் போட்டு ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதியிருந்தாள். பன்னிரண்டரைக்குப் பெரிய சந்தையில் சாப்பாடு. இரண்டு மணிக்குப் படகு. ஏழு மணிக்கு ஓபரா இசை நாடகம், டிக்கெட்டு ஊசியால் குத்தியிருந்தது. படகுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சிரிப்பு முகம்கூட வரைந்திருந்தாள்.

"இவ எங்கயும் போகல ஜோகா. உள்ளதான் இருக்கா," என்றாள் இல்கா நேனி.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். கழிப்பறைகள், ஷவர், மேல்மாடி ஓய்வறை எனக்கு. தொட்டியும் நீராவி அறைகளும் கோடிப் பக்கமும் அவளுக்கு. ஓய்வறையில் போர்வை மூடிப் படுத்திருந்த ஒவ்வொருத்தியின் முகத்தையும் விலக்கிப் பார்த்தேன். இரண்டு பேர் திட்டினார்கள். கழிப்பறைக் கதவுகளின் அடியில் குனிந்து கால்களைப் பார்த்தேன். எங்கும் இல்லை.

நான் கீழே வந்தபோது பெரிய தொட்டியில் பேச்சு நின்றிருந்தது. எங்கள் தண்ணீர் கலங்கலான பச்சை, முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அந்தத் தண்ணீரில் இல்கா நேனி சீருடையோடு, சாவிக்கொத்தோடு, மார்பளவுக்கு இறங்கி நின்றாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓரத்திலிருந்து ஓரம் மெல்ல நடந்தாள். அடியில் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று காலால் துழாவிக்கொண்டிருந்தாள். குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரிந்தது. ஒவ்வொருத்தியாகச் சத்தமில்லாமல் படியேறினார்கள். எதிர்வாசலில், காலில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு அந்த ஐந்து பயண நிறுவனப் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். ஒருத்தி கையில் இருந்த கேமராவைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஒரு தடவை ஏதோ காலில் பட்டு இல்கா நேனி நின்றாள். குனிந்து எடுத்தாள். யாரோ விட்டுப் போன ரப்பர் செருப்பு.

தொட்டியில் ஒன்றும் இல்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்து, நீராவி அறைகள் இரண்டும் பார்த்தாகிவிட்டது, சின்னத் தொட்டிகளும் பார்த்தாகிவிட்டது என்று எனக்கு எண்ணிச் சொன்னாள். பெஞ்சில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அராங்கா குரல் கொடுத்தாள்.

"ஏண்டி இல்கா, பொணம் தேடுறியா? எங்களை நிம்மதியா குளிக்க விட மாட்டே போலிருக்கே. இங்க தேன் பூச இடம் கெடைக்காம அரை மணி நேரமா காத்துக் கெடக்கோம்."

"ஏன், உள்ள யாரு?" என்று கேட்டேன்.

"எவளோ. விரிப்பு தொங்குது. நம்ம ஆளுங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம். அவ வரட்டும்னு உக்காந்திருக்கோம். மரியாதை தெரிஞ்சவங்க நாங்க."

"என்ன விரிப்பு அராங்கா நேனி? பூப்போட்டதா?"

"இல்லடி. வெள்ளை. நீலக் கரை."

நீலக் கரை வெள்ளை விரிப்பு என் ஜன்னலிலிருந்து போவது. எங்கள் ஊர்ப் பெண்கள் அதைத் தொட மாட்டார்கள். வீட்டிலிருந்து சிவப்பு நூலில் பெயரெழுத்துத் தைத்தது, பூப்போட்டது என்று அவரவர் கொண்டுவருவார்கள். என் விரிப்பை வாங்குகிறவர்கள் சுற்றுலாக்காரர்கள்தான். அவர்களுக்குத் தேனும் தெரியாது, கைப்பிடிச் சட்டமும் தெரியாது. அந்த வெக்கை அறை வாசலில் ஒரு கொக்கி கிடையாது. ஈர விரிப்பை எங்கே வைப்பது என்று பார்த்திருப்பாள். கண்ணில் பட்ட இடத்தில் மாட்டியிருப்பாள்.

நான் வாயைத் திறக்கும் முன்பே இல்கா நேனி ஓட ஆரம்பித்துவிட்டாள். ஈரத் தரையில் ஒருமுறை முழங்காலடித்து விழுந்தாள், எழுந்தாள்.

கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. அந்த அம்மாள் கதவுக்கு ஒரு கை தூரத்தில், தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். முகம் செக்கச்சிவந்திருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. இல்கா நேனி கைப்பிடியில் தொங்கிய அதே விரிப்பை உருவித் தரையில் போட்டாள். அவளைப் புரட்டி அதில் ஏற்றி, நானும் அராங்காவும் இன்னும் இரண்டு பேரும் நாலு முனையையும் பிடித்து வெளியே இழுத்தோம். எண்பது வயதுக்காரி எங்கிருந்து அந்தப் பலத்தைக் கொண்டுவந்தாளோ. சான்டோ மாடிப்படியில் நின்று ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணும் சத்தம் கேட்டது. உள்ளே வர முடியாமல் அந்த மனுஷன் அழுகிற குரலில் விலாசம் சொன்னார்.

கழுத்திலும் கக்கத்திலும் குளிர்நீர்த் துணியை வைத்தோம். மூச்சு இருந்தது, மெலிசாக. எங்களில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. இல்கா நேனி அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே, கேட்காத காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள்.

"நாப்பத்தொண்ணு. கண்ணைத் திற. நாப்பத்தொண்ணு, உனக்குப் படகு இருக்கு. ஏய், கேக்குதா? என்னைத் திட்டுடி. ஏதாவது சொல்லித் திட்டு."

எத்தனை நிமிஷம் என்று எனக்குத் தெரியாது. வாசலில் நின்ற ஐந்து பேரில் ஒருத்தி வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். கடைசியில் அந்த அம்மாள் முகத்தைச் சுளித்தாள். கன்னத்தைத் தட்டும் கையைத் தள்ளிவிட்டாள். எங்களுக்குப் புரியாத பாஷையில், எரிச்சலோடு, ஒரு நீளமான வாக்கியம் சொன்னாள். அப்படி இனிமையான வசவை நான் கேட்டதே இல்லை.

ஆம்புலன்ஸ் அவளைக் கொண்டுபோனது. மூன்று நாளில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்றார்கள். சான்டோ இல்கா நேனியின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். பயண நிறுவனப் பெண்கள் கைதட்டினார்கள். அராங்கா மட்டும் மூலையில் உட்கார்ந்து, நாங்கதான் காத்துக்கிட்டு இருந்தோமே, நாங்கதான் காத்துக்கிட்டு இருந்தோமே என்று முனகிக்கொண்டிருந்தாள்.

பணியாளர் அறையில் அவளுக்கு உலர்ந்த உடுப்பு கொடுத்து, பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியில் வெங்காயம் அடுக்கிக் கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரைக் காப்பாற்றிவிட்டு இப்படி உட்கார்ந்திருக்கிறீர்களே என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை அந்தக் கதவுகிட்டப் போனேன் ஜோகா. மொத தடவை விரிப்பைப் பாத்தேன், வந்துட்டேன். ரெண்டாவது தடவை கதவு லேசா திறந்திருந்துச்சு. ஒரு விரக்கடை."

ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அவதான் தள்ளியிருக்கா. வெளிய வரப் பாத்திருக்கா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? உள்ள குளிர் போயிடுமேன்னு சாத்தினேன். சத்தம் வராம, மெதுவா."

அவள் யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாளைப் பற்றி மட்டும் இல்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். ஆறுதல் சொல்லத் தெரியாத என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

மறுநாள் காலை, திறப்பதற்கு முன்னால், கோடியிலிருந்து துளை போடும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். இல்கா நேனி வெக்கை அறைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பித்தளைக் கொக்கியைத் திருப்புளியால் முடுக்கிக்கொண்டிருந்தாள். வில்மோஷ் வீட்டுக்கு வந்ததும் டிராம் தொப்பியை மாட்டும் கொக்கி. எங்கள் கட்டடம் அரசுப் பாதுகாப்பில் இருப்பது. நூறு வருஷத்து டைல்ஸில் ஒரு ஆணி அடிக்கவும் ஏழு கையெழுத்து வேண்டும். கேபினைத் திறந்ததை மன்னித்தாலும் மன்னிப்பார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள்.

சான்டோ வந்துவிட்டார். அந்த நேரத்தில் குளிக்கிறவர்கள் இல்லை, உள்ளே வரலாம். துளையைப் பார்த்தார், தரையில் கிடந்த நீல டைல்ஸ் தூளைப் பார்த்தார். யார் வேலை இது என்று கேட்கவில்லை, திருப்புளி அவள் கையில்தான் இருந்தது. நேற்றுக் கதவைச் சாத்தியதை இல்கா நேனியே அவரிடம் சொன்னாள். அறிக்கையில் அதையும் எழுதச் சொன்னாள். அவர் வெகுநேரம் கொக்கியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இறுக்கமாகத்தான் இருந்தது.

"யாராச்சும் கேட்டா, பேரரசர் காலத்துலேருந்தே இருக்குன்னு சொல்லிடலாம் நேனி," என்றார். பிறகு தன் பளபளப்பான ஷூவால் தூளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் போனார். அதுவரை அவரைப் பற்றி நான் பேசியதில் பாதியை அன்று திரும்ப வாங்கிக்கொண்டேன். அறிக்கை என்ன ஆனது என்று தெரியாது. மூன்றாவது மெமோ வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு லிஸ்பனிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அந்த அம்மாளின் பெயர் ஒடெத், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், வெளிநாடு பார்த்தது அதுவே முதல் தடவை. படகைத் தவறவிட்டேன், அடுத்த வருஷம் வந்து ஏறுவேன் என்று எழுதியிருந்தாள். இல்கா நேனி அதை ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, உன் ஜன்னலிலேயே வைத்துக்கொள் என்றாள்.

மிச்சம் இருந்த பதினொரு மாதமும் வேலை பார்த்தாள். அரை மணிக்கு ஒருமுறை கேபின்களை விட்டுவிட்டுக் கோடிக்குப் போவாள். கைப்பிடியில் பூப்போட்ட விரிப்பு தொங்கினாலும் சரி, பெயரெழுத்துத் தைத்தது தொங்கினாலும் சரி, கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே தேன் பூசிய உடம்போடு அராங்காவும் கூட்டாளிகளும் கத்துவார்கள். குளிர் உள்ளே வருகிறது, சாத்தித் தொலை, உனக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது என்பார்கள். இல்கா நேனி அசைய மாட்டாள். உள்ளே இருக்கும் தலைகளை எண்ணுவாள். அத்தனை பேரும் வாய் திறந்து அவளைத் திட்டி முடித்த பிறகுதான் கதவைச் சாத்துவாள்.